நடுவர் இல்லாத மேசை: ‘ஃபால்அவுட்’ உருவான விதம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ரோல் பிளேயிங் கேமை (ஆர்.பி.ஜி.) எது சிறந்ததாக்குகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள்: நல்ல கதை, பரந்த உலகம், நூறு மணி நேரம் ஆடினாலும் தீராத உள்ளடக்கம். 1997 அக்டோபரில் வெளிவந்த கணினி விளையாட்டான ‘ஃபால்அவுட்’டில் கதை எளியது. ஒரு நிலவறையில் வாழும் மக்களின் குடிநீர்க் கருவிக்கான சிப் பழுதாகிவிடுகிறது; வெளியே போய் இன்னொன்று கொண்டுவர வேண்டும். ஊர்கள் பத்துப் பன்னிரண்டுதான். வேகமாக ஆடுபவர் ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம். அப்படியிருந்தும் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதன் சிறப்பு எங்கிருந்து வந்தது, எந்த முடிவால் வந்தது என்பதை விளையாட்டு வடிவமைப்பு பயில்பவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன். உருவாக்கியவர்கள் பின்னாளில் மேடைகளிலும் நேர்காணல்களிலும் சொன்னவையும் விளையாட்டுக்குள் இன்றும் சோதித்துப் பார்க்கக்கூடியவையுமே இதற்கு ஆதாரம். அவர்களைப் பெயரால் அன்றி, வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் இயங்கிய இன்டர்ப்ளே நிறுவனம், அணுப்போருக்குப் பிந்தைய பாலைவன உலகை வைத்து 1988இல் ‘வேஸ்ட்லேண்ட்’ என்ற விளையாட்டைச் செய்திருந்தது. அதை வெளியிட்டது வேறு நிறுவனம். பெயரின் உரிமையும் அங்கேயே தங்கிவிட்டது. தொடர்ச்சி எடுக்கும் ஆசை இன்டர்ப்ளேயில் இருந்தது, வழி இல்லை.

1994இல் அந்நிறுவனத்தின் நிரலாளர் ஒருவர் விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓர் எஞ்சினைத் தனியாக எழுதத் தொடங்கினார். குழு கிடையாது, பெரிய பட்ஜெட் கிடையாது. வேலை நேரம் முடிந்ததும் ஒரு கூட்ட அறையில் பீட்சா வாங்கி வைத்து, விருப்பம் உள்ளவர்கள் வந்து யோசனை சொல்லலாம் என்று அழைத்திருக்கிறார். வந்த சிலரே பின்னர் அணியின் மையமானார்கள். கதைக்களம் முதலில் மந்திர உலகமாக இருந்து, பிறகு டைனோசர்களும் காலப்பயணமும் கலந்த ஒன்றாகி, கடைசியில்தான் அணுப்போருக்குப் பிந்தைய கலிஃபோர்னியாவில் வந்து நின்றது. 1950களின் அமெரிக்கர்கள் கற்பனை செய்த எதிர்காலம் 2077இல் வெடித்துச் சிதறியிருந்தால் எப்படி இருக்கும் என்பதே அதன் தோற்றம்.

விதிகளுக்கு அவர்கள் முதலில் தேர்ந்தது கர்ப்ஸ். டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் வெளியிட்ட மேசை ஆட்ட விதித்தொகுப்பு அது. காகிதம், பகடை, நண்பர்கள், கூடவே கதையை நடத்திச் செல்லும் ஒரு நடுவர் என்று ஆடப்படும் வகை. எந்தக் காலத்துக்கும் எந்த உலகத்துக்கும் பொருந்தும் என்பதே அதன் பெருமை. ஒரு பாத்திரத்தின் நிறைகளைப் புள்ளி கொடுத்து வாங்கலாம். குறைகளை ஏற்றுக்கொண்டு புள்ளி திரும்பப் பெறலாம்.

ஆரம்ப நிலையில் கண்டவை

அணியின் வடிவமைப்பாளர் ஒருவர் எழுதிய திட்டக் குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. வன்முறை மிக அதிகம் இருக்கும் என்று விடலைத்தனமாகத் தொடங்குகிறது அது. அடுத்து வருபவைதான் முக்கியம்: பெரும்பாலும் ‘சரியான’ தீர்வு என்று ஒன்று இருக்காது, எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும், ஆடுபவரின் செயல் உலகை மாற்றும், அவசரம் இருந்துகொண்டே இருக்கும். கர்ப்ஸ் ரசிகர்களை மகிழ்விக்கப் போதுமான அளவு கர்ப்ஸ் இருக்கும் என்றும் ஒரு வரி கடைசிப் பகுதியில் உண்டு. போதுமான அளவு என்றால் அதற்கு மேல் இல்லை என்றுதான் பொருள். உரிமம் வாங்கியவர்களே அதைத் தங்கள் விளையாட்டின் உயிராக நினைக்கவில்லை என்பதற்கு இந்த வரி சாட்சி.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். மேசை ஆட்டத்தில் நடுவர் இருக்கிறார். என் பாத்திரத்துக்கு மீன்பிடிக்கத் தெரியும் என்று ஒருவர் தன் பாத்திரத்தின் பண்புகளையும் திறன்களையும் குறிக்கும் தாளில் எழுதினால், நல்ல நடுவர் அன்றைய கதையில் ஓர் ஆற்றைக் கொண்டுவருவார். நானூறு திறன்கள் இருந்தாலும் மேசையில் எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்தால் போதும். கணினியில் அந்த ஆள் இல்லை. தாளில் ஒரு திறனைப் போடலாம் என்று அனுமதித்துவிட்டால், அதற்கு வேலை தரும் ஆற்றையும் மீனையும் முன்கூட்டியே யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால், அந்தத் திறனுக்குப் புள்ளி போட்டவர் கடைசிவரை ஏமாந்துகொண்டே இருப்பார். அக்காலத்துக் கணினி ஆர்.பி.ஜி.கள் பல இந்தச் சிக்கலைத் தாளைச் சுருக்கித் தீர்த்தன: வாள், வில், மந்திரம், உயிர்ப்புள்ளி. எல்லாம் சண்டைக்கு.

உரிமம் கைவிட்டுப் போனது

1997 தொடக்கத்தில் விளையாட்டு முக்கால்வாசி உருவாகியிருந்த நேரம். அறிமுகக் காட்சியில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஓடுகிறது. அதில் கவசம் அணிந்த படைவீரன் ஒருவன் கட்டுண்டு மண்டியிட்டிருக்கும் கைதியைத் தலையில் சுட்டுவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கையசைக்கிறான். கர்ப்ஸ் உரிமையாளருக்கு இந்தக் காட்சி பிடிக்கவில்லை. திறன் அட்டைகளில் இருந்த, பழங்கால விளம்பரப் பாணிக் கேலிச்சித்திரச் சிறுவனும் உவப்பாக இல்லை. பேச்சு நீண்டு, ஒட்டாமல் முடிந்தது. வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருக்கும்போது விதிமுறை இல்லாத விளையாட்டு ஒன்று அணியின் கையில் நின்றது.

இதோடு வேறு நெருக்கடிகளும் இருந்தன. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (டி அண்ட் டி) என்ற புகழ்பெற்ற மேசை ஆட்டத்தின் உரிமம் நிறுவனத்திடம் வந்த பிறகு, இந்தத் திட்டமே எதற்கு என்ற கேள்வி எழுந்திருந்தது. ‘டியாப்லோ’ என்ற போட்டி விளையாட்டு வெளிவந்து அமோகமாக விற்றதும், ஃபால்அவுட்டையும் அதுபோல நேரடி வேகச் சண்டையாகவும் பலர் சேர்ந்து ஆடுவதாகவும் மாற்றலாமே என்ற அழுத்தம் மேலிருந்து வந்தது. நிறுவனத்துக்குள் இரண்டாம் நிலை வேலையாகக் கருதப்பட்ட திட்டம், கைவிடப்படும் நிலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போய்த் திரும்பியது.

எடுத்த முடிவும் காரணமும்

வன்முறைக் காட்சியை மென்மையாக்கி உரிமையாளரைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். கையிலிருந்த இன்னோர் உரிமத்தின் விதிகளைப் பொருத்தியிருக்கலாம். அணி இரண்டையும் செய்யவில்லை. சொந்த விதிகளை எழுதுவது என்று முடிவானது. சண்டை ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்து ஆடுவதாகவே இருக்கும், ஆட்டம் ஒருவருக்கானதாகவே இருக்கும் என்பதிலும் நிரலாளர் விட்டுக்கொடுக்கவில்லை.

முடிவு துணிச்சலானதாகத் தோன்றினாலும் அது கண்ணை மூடிக்கொண்டு குதித்தது அல்ல. வடிவமைப்பாளரிடம் முன்பே தமக்காகக் குறிப்பு அட்டைகளில் எழுதி வைத்திருந்த ஒரு மேசை ஆட்ட விதிமுறை இருந்தது. அதை எடுத்துத் தட்டி வளைத்துக் கொடுத்தார். நிரலாளர் அதைக் கணினிக்குள் எழுதினார். சில வாரங்களில் வேலை முடிந்தது. வலிமை, புலனுணர்வு, தாக்குப்பிடிக்கும் திறன், கவர்ச்சி, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என ஏழு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அந்த முறைக்கு ‘ஸ்பெஷல்’ என்று பெயர். திறன்கள் பதினெட்டு, அதில் மூன்றை ஆடுபவர் தன் சிறப்புத் திறன்களாகக் குறிக்கலாம். வெறும் எண்கள் கூடுவது மட்டும் போதாது, லெவல் ஏறும்போது கையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நிறுவனத் தலைவர் கேட்டதன் விளைவாகவே பெர்க் எனப்படும் சலுகைகள் சேர்ந்தன. பின்னாளில் எத்தனையோ விளையாட்டுகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன.

என் கணிப்பில் இந்த முடிவின் பெரும் பயன், விதிகள் சிறந்தவையாக இருந்தது அல்ல. ஸ்பெஷல் அவ்வளவு நேர்த்தியான முறை இல்லை. அதன் ஓட்டைகளுக்குப் பிறகு வருகிறேன். பயன் வேறு: தாள் சிறியதாகிவிட்டது. பதினெட்டுத் திறன்களில் ஆறுதான் நேரடிச் சண்டைக்கு. மீதிப் பன்னிரண்டுக்கும் ஊர் ஊராக வேலை தர வேண்டும். பன்னிரண்டு என்பது முப்பது பேர் அளவிலான அணி உட்கார்ந்து எழுதக்கூடிய எண்ணிக்கை. வேறொருவரின் விதிப்புத்தகத்துக்கு விசுவாசமாக இருக்கும் கடமையும் இல்லை.

விதிகள் ஊர்களுக்குள் இறங்கிய விதம்

முடிவின் விளைவை மூன்று இடங்களில் பார்க்கலாம். மூன்றாவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

முதலாவது, ஆரம்ப ஊருக்கு அருகே. ஊர்த்தலைவரின் மகளைக் கொள்ளையர் கூட்டம் தூக்கிப் போகிறது. துப்பாக்கியோடு போய் முகாமையே அழிக்கலாம். பணம் கொடுத்து மீட்கலாம். பேசி இணங்க வைக்கலாம். கூட்டத் தலைவனை ஆயுதமின்றி மோதலுக்கு அழைக்கலாம். இரவில் பதுங்கிப் போய்ப் பூட்டைத் திறந்து அழைத்து வரலாம். சில நிபந்தனைகள் கூடிவந்தால், தலைவன் நம்மைச் செத்துப்போன தன் தகப்பனின் ஆவி என்று நினைத்து நடுங்குகிறான். இந்தக் கடைசி வழி எத்தனை பேர் கண்ணில் படும்? மிகச் சிலர் கண்ணில். ஆனாலும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நல்ல நடுவர் மேசையில் போகிறபோக்கில் செய்யும் குறும்பு அது.

இரண்டாவது, நெக்ரோபோலிஸ் என்ற பாழ்நகரம். கதிரியக்கத்தில் உருக்குலைந்த மனிதர்கள் வாழும் ஊர். நாம் தேடும் சிப் அந்த ஊருக்கு அடியில்தான் இருக்கிறது, அங்கே தண்ணீர் தரும் அமைப்பில் பொருத்தப்பட்டு. சிப்பைக் கழற்றிக்கொண்டால் நம் நிலவறை பிழைக்கும். இவர்கள் தாகத்தில் சாவார்கள். சாக்கடைக்குள் ஒதுங்கி வாழும் சாதுவான சிலர் நம்மிடம் கெஞ்சுவது, பழைய பம்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகச் சொல்லித்தான். அதற்குத் தேவையான உதிரிப் பாகங்கள் அதே சாக்கடையில் குப்பையோடு கிடக்கின்றன. தேவையான இன்னொன்று, தாளில் ரிப்பேர் என்ற திறன்.

இங்கே விளையாட்டு எதையும் கூவிச் சொல்வதில்லை. ‘நல்ல வழி’, ‘கெட்ட வழி’ என்று இரண்டு பட்டன்கள் திரையில் வருவதில்லை. ஆட்டத்தின் முதல் திரையில், துப்பாக்கித் திறனை விட்டுவிட்டு ரிப்பேருக்குப் புள்ளி போட்ட ஆள், அதுவரை ஒவ்வொரு சண்டையிலும் அடிவாங்கி ஓடிவந்த ஆள், இங்கே பம்பின் முன் நின்று ஒரு முறை கிளிக் செய்கிறார். தண்ணீர் ஓடத் தொடங்குகிறது. துப்பாக்கி வீரர் அதே இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் தேடிப் படித்துத் திறனைக் கூட்டிக்கொண்டு வரலாம். ஆனால் சிப்பைக் கண்டுபிடிக்கக் கொடுக்கப்பட்டது 150 நாட்கள். புத்தகம் படிக்கவும் நேரம் கழியும். முதல் திரையில் போட்ட ஒரு எண், பல மணி நேரம் கழித்து ஓர் ஊரின் உயிராகிறது. ஒழுக்கப் பரீட்சையாகத் தோன்றும் இடம் உண்மையில் பாத்திரத் தாளைப் படிக்கும் இடம். ஆர்.பி.ஜி. வகையின் உச்சம் எங்கே என்று கேட்டால் நான் இந்தப் பம்பைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது, இறுதி வில்லன். மனிதகுலத்தையே வேறோர் இனமாக மாற்றினால் போர் ஒழியும் என்று உண்மையாகவே நம்பும் ஜீவன் அது. அதைச் சுட்டுக் கொல்லலாம். பதுங்கிப் போய் அடித்தளத்தில் உள்ள அணுகுண்டை இயக்கலாம். இல்லாவிட்டால் நேரே போய்ப் பேசலாம்: உன் புதிய இனத்துக்குப் பிள்ளை பிறக்காது, ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் என்று. வாயால் சொன்னால் நம்பாது. வேறோர் ஊரின் ஆய்வாளரிடம் முன்பே பெற்று வைத்திருந்த ஆய்வறிக்கையைக் காட்டினால் நம்பும்; தன் திட்டத்தின் பெயரால் செய்த கொடுமைகள் வீண் என்று புரிந்து, தன்னையே அழித்துக்கொள்ளும். ஒரு தோட்டாகூடச் செலவாகாமல் வில்லன் சாகும் விளையாட்டு 1997இல் மிக அரிது.

இவற்றுக்கு மறுபக்கமும் உண்டு. அறிவு என்ற பண்பை நான்குக்குக் கீழ் வைத்து ஆடினால் நாயகனுக்கு வாக்கியமே வராது, முனகல்தான். ஊரார் பரிதாபப்படுவார்கள், விரட்டுவார்கள், வேலை தர மறுப்பார்கள். விளையாட்டின் பெரும்பகுதி உரையாடல் அந்த ஆளுக்குக் கிடைக்காது. தன் உழைப்பில் பெரும்பகுதியை ஒருவர் பார்க்காமலே போகலாம் என்று ஒப்புக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. இந்த அணிக்கு வந்தது. நிறுவனத்தின் பார்வை வேறு பெரிய திட்டங்களில் இருந்ததும் இதற்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெளியீட்டுக்குப் பின்

விமர்சகர்கள் வரவேற்றார்கள், விற்பனை மரியாதையாக இருந்தது, ‘டியாப்லோ’ போல இல்லை. ஐரோப்பாவில் குழந்தைகள் மீது வன்முறை சாத்தியம் என்ற ஆட்சேபம் எழ, அங்கே வெளியான பதிப்பில் குழந்தைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்டார்கள்.

அதிகப் புகார் வந்தது கால வரம்பு பற்றி. சிப்புக்கு 150 நாள். அதைத் தாண்டிய பிறகும், எதிரிகள் நிலவறையைக் கண்டுபிடித்துவிடும் இரண்டாவது வரம்பு ஒன்று மறைவாக ஓடிக்கொண்டிருந்தது: 500 நாள். அதற்கும் ஓர் அழகான கண்ணி உண்டு. நீர் வணிகர்களுக்குப் பணம் கொடுத்து நிலவறைக்குத் தண்ணீர் அனுப்பச் செய்தால் முதல் வரம்பு 100 நாள் நீளும். ஆனால் வணிகர் வண்டித் தடத்தை எதிரிகள் மோப்பம் பிடிப்பதால் இரண்டாவது 100 நாள் குறையும். சுதந்திரமாகச் சுற்ற விரும்பியவர்களின் கோபத்துக்குப் பணிந்து, பின்னர் வந்த பேட்ச் எனப்படும் திருத்தக் கோப்பு ஒன்றில் இரண்டாம் வரம்பு 13 ஆண்டுகளாக நீட்டப்பட்டது, நடைமுறையில் நீக்கியதே.

1998 ஜனவரியில் மூலக் குழுவின் மூவர் விலகிச் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ ஓராண்டு உழைப்பில், இரண்டாம் பாகம் வந்தது. பின்னர் இன்டர்ப்ளே நொடித்தது. 2007இல் பெதஸ்டா நிறுவனம் ஃபால்அவுட் உரிமையை 57.5 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2008இல் மூன்றாம் பாகம், 2015இல் நான்காம் பாகம், 2024இல் தொலைக்காட்சித் தொடர். ஏழு பண்புகளும் இன்றுவரை தொடர்கின்றன. திறன் பட்டியல் நான்காம் பாகத்தில் அடியோடு நீக்கப்பட்டுச் சலுகைகளோடு கலந்துவிட்டது. தாள் படிக்கப்படும் இடங்களும் கூடவே குறைந்தன. உலகம் மட்டும் பல மடங்கு பெரிதானது.

மாற்ற வேண்டியிருந்தவை

பதினெட்டில் சில திறன்களுக்குக் கொடுத்த வாக்கை அணியால் காப்பாற்ற முடியவில்லை. முதலுதவி, மருத்துவம் என்று இரண்டு திறன்கள் உண்டு. காயத்தை உடனே ஆற்றும் ஸ்டிம்பேக் ஊசிகள் தாராளமாகக் கிடைப்பதால் இரண்டும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. சூதாட்டத்தில் உயர்ந்த திறன் இருந்தால் கேசினோவில் பட்டனை அழுத்திக்கொண்டே பணம் அள்ளலாம், பொருளாதாரமே அர்த்தமிழக்கும். எறிதல், பொறி விலக்குதல் ஆகியவற்றைச் சிறப்புத் திறனாகக் குறித்தவர் பாவம். பதினெட்டைப் பன்னிரண்டாகக் குறைத்து, பன்னிரண்டுக்கும் ஆளுக்கொரு பம்பு எழுதியிருந்தால் இதே விளையாட்டு இன்னும் கட்டுக்கோப்பாக இருந்திருக்கும்.

பண்புகளும் சமமல்ல. ஒரு முறையில் எத்தனை செயல் செய்யலாம் என்பதைச் சுறுசுறுப்பே தீர்மானிப்பதால், அனுபவசாலிகள் அனைவரும் அதைப் பத்துக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் மற்றதை யோசிப்பார்கள். ‘கிஃப்டட்’ என்ற இயல்பு ஏழு பண்புகளையும் ஒவ்வொரு புள்ளி உயர்த்திவிட்டு, பதிலுக்குத் திறன்களில் சிறிது கழிக்கும். எடுக்காதவர் அரிது. எல்லோரும் எடுக்கும் தேர்வு, தேர்வே அல்ல.

கூட்டாளிகள் தனிக்கதை. கடைசி நேரத்தில் சேர்த்த அம்சம் என்பது ஒவ்வோர் அசைவிலும் தெரியும். முதலில் சேரும் கூட்டாளியிடம் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தால் எதிரிக்கும் அவனுக்கும் நடுவே நிற்கும் நம் முதுகில்தான் பாதித் தோட்டாக்கள் இறங்கும். வாசலில் நின்றுகொண்டால் நகரச் சொல்ல வழியில்லை. கொடுத்த பொருளைத் திரும்ப வாங்க அவன் பையிலிருந்தே திருட வேண்டும். நாயோ எதிரி முகாமின் மின்தடுப்பில் தானாகப் போய் மோதிச் சாகும். அந்த நாய்க்காகப் முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தை மீண்டும் ஏற்றி ஆடியவர்கள் ஏராளம். இரண்டாம் பாகத்தில் கூட்டாளியைத் தள்ளி விடவும், எப்படிச் சண்டையிட வேண்டும் என்று சொல்லவும் வசதி வந்தது.

கால வரம்பை நான் நீக்கியிருக்க மாட்டேன். மறைவாக ஓடிய இரண்டாவது வரம்பை வெளிப்படையாகக் காட்டியிருப்பேன். அவசரம் இல்லாவிட்டால் புத்தகம் படித்துத் திறன் கூட்டுவதற்கு விலையே இல்லை; பம்பின் முன் கையைப் பிசைந்து நிற்கும் நிலையும் வராது. ஆட்டக்காரர்களை எரிச்சலூட்டியது வரம்பு அல்ல, சொல்லாமல் வந்து முடிந்த ஆட்டம்.

கடைசியாக ஜங்க்டவுன். அங்கே நேர்மையான கடைக்காரத் தலைவருக்கும் கேசினோ முதலாளிக்கும் இடையே ஒருவர் பக்கம் சாய வேண்டும். முதலில் திட்டமிட்ட முடிவுரையில், நேர்மையானவரின் ஆட்சி கண்டிப்பு முற்றி, பயணிகள் அஞ்சி ஒதுங்க, ஊர் தேய்ந்துபோகும். கேசினோ முதலாளி தன் லாபத்துக்காகவே ஊரை வளர்ப்பான். நல்லது செய்தவருக்குத் தண்டனையா என்ற தயக்கத்தில் வெளியீட்டுக்கு முன் அது திருப்பிப் போடப்பட்டது. கடைக்காரர் வென்றால் ஊர் செழிக்கிறது. கேசினோ முதலாளி வென்றால் பணத்தில் புரண்டுவிட்டு, குச்சியில் சுட்ட இகுவானாக் கறி தொண்டையில் சிக்கிச் சாகிறான். சிரிப்பு வரும், சரிதான். ‘சரியான தீர்வு’ என்று ஒன்று இருக்காது எனத் திட்டக் குறிப்பில் எழுதிய அணி, இந்த ஓர் ஊரில் மட்டும் அதை வைத்துவிட்டது. பழைய முடிவுரையையே விட்டிருக்கலாம்.